நடுவர் தீர்ப்பும் நீதிமன்றமும்: வாசகர் கேள்விகளுக்குச் சட்ட விளக்கம்

நீதிமன்றத்துக்குப் பதிலாக, தரப்பினர் ஒப்புக்கொண்டபடி நடுவரிடம் தகராறைத் தீர்த்துக்கொள்ளும் ஆர்பிட்ரேஷன் எனப்படும் நடுவர் விசாரணை குறித்து வந்து சேர்ந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை சிறிய, நடுத்தரத் தொழில்களை நடத்துவோர் எழுதியவை. ஒப்பந்தம் போடும்போது யாரும் படிக்காத ஷரத்து, பணம் வராமல் நின்ற பிறகு முதல் ஷரத்தாகிவிடுகிறது என்பதை அந்தக் கடிதங்கள் காட்டுகின்றன. கீழே 'சட்டம்' என்று மட்டும் சொல்லப்படும் இடங்களில் 1996-ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தையும் அதற்கு 2015, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் வந்த திருத்தங்களையும் குறிக்கிறேன்.

கேள்வி: பம்புகளுக்கான உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். மும்பை நிறுவனம் ஒன்று 42 லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. கோவை வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். கொள்முதல் ஆணையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'தகராறுகள் மும்பையில் நடுவர் விசாரணைக்கு உட்பட்டவை' என்று அச்சாகியிருப்பதைக் காட்டி, இந்த நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்கிறார்கள். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. சரக்கும் இங்கிருந்துதான் போனது. மும்பைக்கு அலைய வேண்டியதுதானா? (கோவை வாசகர்)

பதில்: கையெழுத்து இல்லை என்ற வாதத்தை அதிகம் நம்ப வேண்டாம். நடுவர் உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் 7-ஆம் பிரிவின் தேவை. இரு தரப்பும் அதை ஏற்று நடந்துகொண்டது ஆவணங்களிலிருந்து தெரிந்தால், கையொப்பம் இல்லாததாலேயே அது செல்லாமல் போகாது. அந்த ஆணையின்படி நீங்கள் சரக்கை அனுப்பி, அதன் எண்ணைக் குறிப்பிட்டு விலைப்பட்டியலும் கொடுத்திருப்பீர்கள்.

அடுத்து 8-ஆம் பிரிவு. நடுவர் உடன்பாடு இருக்கும் விஷயத்தில் ஒருவர் வழக்குத் தொடுத்தால், எதிர்த்தரப்பு தன் முதல் பதிலுரையைத் தாக்கல் செய்யும் நாளுக்குள் கேட்டுக்கொண்டால், நீதிமன்றம் தரப்பினரை நடுவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். அப்படி ஓர் உடன்பாடு இருப்பதற்கு முதல் பார்வையிலேயே இடமில்லை என்று தெரிந்தால் மட்டுமே நீதிமன்றம் மறுக்கலாம். எனவே அவர்கள் மனு எந்தத் தேதியில் தாக்கலானது என்று முதலில் பாருங்கள். பதிலுரையைத் தாக்கல் செய்து வழக்கை நடத்திவிட்டுப் பின்னர் ஷரத்தை நினைவுபடுத்துகிறார்கள் என்றால் அந்த உரிமையை அவர்கள் இழந்துவிட்டார்கள்.

மனு உரிய நேரத்தில் வந்திருந்தால், மும்பை என்ற சொல் உங்களுக்கு எதிராக நிற்கும். நடுவர் விசாரணையின் சட்ட இருப்பிடம், அதாவது வழக்கறிஞர்கள் 'சீட்' என்று சொல்வது, எந்த ஊரோ அந்த ஊர் நீதிமன்றங்களுக்கே அந்த விசாரணை சார்ந்த எல்லா மனுக்களையும் கேட்கும் அதிகாரம் உண்டு. 2017-இல் இண்டஸ் மொபைல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயமற வகுத்தது. அதில் சரக்கு டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்தது. விற்ற நிறுவனத்தின் பதிவு அலுவலகம் அமிர்தசரஸில் இருந்தது. மும்பையில் எதுவுமே நடக்கவில்லை. ஆயினும் ஒப்பந்தத்தில் மும்பை என்று எழுதியிருந்ததால், மும்பை நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்று தீர்ப்பானது. ஆகவே சரக்கு எங்கிருந்து போனது என்ற கேள்வி இங்கே உதவாது.

இருந்தாலும் உங்களுக்கு வேறொரு வாசல் திறந்திருக்கலாம். கொள்முதல் ஆணை வந்த நாளிலேயே உங்கள் கூடம் உத்யம் பதிவு (இத்தகைய நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்ததா? ஆம் என்றால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்கீழ், மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்கக் கவுன்சிலை அணுகலாம். வாங்கியவர் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும், விற்றவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கே அதிகாரம் உண்டு என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தரப்பினர் தமக்குள் தனியாக நடுவர் ஷரத்து எழுதிக்கொண்டிருந்தாலும் இந்த வழி மேலோங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உறுதி செய்தது. கவுன்சில் முதலில் சமரசம் பேசும். அது முறிந்தால் தானே நடுவராக அமரும், அல்லது ஒரு நடுவர் அமைப்பிடம் அனுப்பும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதற்குள் முடிவது அரிது.

இந்த வழியின் உண்மையான பலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒப்புக்கொண்ட நாளைத் தாண்டி, எப்படியும் 45 நாளைத் தாண்டிப் பாக்கி நின்றால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். மேலும், கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக நினைத்தால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். இழுத்தடிப்பதற்காகவே மேல்முறையீடு செய்யும் பழக்கமுள்ள நிறுவனங்களை இந்த 75 சதவீதம் அளவுக்கு வேறெதுவும் தயங்க வைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோவையில் போட்ட வழக்கைத் திரும்பப் பெறும்போது, புதிய நடவடிக்கை எடுக்க அனுமதி கோரி முறைப்படி திரும்பப் பெறுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு பதிவு செய்தவர் என்றால் உங்கள் நிலை பலவீனமானது. மகாகாளி தீர்ப்பு அத்தகையோருக்கு எதிராக இருந்தது. ஆனால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது.

கேள்வி: நடுவர் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டுமா? வழக்குத் தொகையைவிடக் கட்டணம் அதிகமாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (ஈரோடு வாசகர்)

பதில்: சட்டத்தின் நான்காவது அட்டவணை ஒரு மாதிரி அளவைத் தருகிறது. 20 லட்சத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைக்கு 97,500 ரூபாயும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3 சதவீதமும் கட்டணம். தனி நடுவராக இருந்தால் மேலும் 25 சதவீதம். மேலே பார்த்த 42 லட்சம் ரூபாய்க் கோரிக்கையையே எடுத்துக்கொண்டால், 1,63,500 ரூபாயுடன் தனி நடுவருக்கான 40,875 ரூபாய் சேர்ந்து 2,04,375 ரூபாய் வரும். இது ஒரு வழிகாட்டு அளவுதான். உயர் நீதிமன்ற விதிகளும் நடுவர் அமைப்புகளின் விதிகளும் வேறு அளவைக் கூறலாம். ஆனால் நடுவர்கள் தரப்பினரின் சம்மதம் இல்லாமல் தங்கள் கட்டணத்தைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்ள முடியாது என்று 2022-இல் ஓஎன்ஜிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே முதல் அமர்விலேயே கட்டணத்தைப் பேசி, எழுத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பொதுத்துறை நிறுவனம் ஒன்றிடம் கட்டட வேலை எடுத்தேன். தகராறு வந்தால் அதன் நிர்வாக இயக்குநர் நியமிப்பவரே நடுவர் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவரும் ஒருவரை நியமித்துவிட்டார். இரண்டு அமர்வுகளுக்குப் போய்க் கோரிக்கை மனுவும் கொடுத்துவிட்டேன். இனி ஆட்சேபிக்க முடியாது என்கிறார்களே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முடியும். 2015-இல் வந்த 12(5)-ஆம் பிரிவும் ஏழாவது அட்டவணையும் ஒரு தரப்பின் ஊழியரையோ ஆலோசகரையோ நடுவராக அமரத் தகுதியற்றவராக்கின. அத்தகைய தகுதியற்றவர் தன் கையால் இன்னொருவரை நியமிப்பதும் செல்லாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகராறின் முடிவில் ஆர்வமுள்ள ஒருவர் தனியொரு நடுவரைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் அந்தக் கோட்பாடு விரிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அரசு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே தனி நடுவரை நியமிக்க வகைசெய்யும் ஷரத்துகள் அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று தீர்மானித்தது. நிறுவனம் நடுவர் பட்டியல் ஒன்றை வைத்திருப்பதில் தவறில்லை. அதிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரரைக் கட்டாயப்படுத்துவதுதான் தவறு என்றும் அந்தத் தீர்ப்பு விளக்குகிறது.

அமர்வுக்குப் போனதால் உரிமை போய்விட்டது என்ற பேச்சுக்கு வருவோம். 12(5)-இன்கீழ் வரும் உரிமையை விட்டுக்கொடுப்பது தகராறு எழுந்த பிறகு எழுத்தில், வெளிப்படையாக நடக்க வேண்டும். வெறுமனே ஆஜரானதும் கோரிக்கை மனு கொடுத்ததும் அந்த வெளிப்படையான உடன்பாடு ஆகாது என்று 2019-இல் பாரத் பிராட்பேண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அமர்வுக் குறிப்பில் 'நடுவர் மீது ஆட்சேபம் இல்லை' என்ற வாசகத்தின்கீழ் கையொப்பமிட்டிருக்கிறீர்களா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். அப்படி இருந்தால் விஷயம் சிக்கலாகும்.

நடைமுறை இதுதான்: தகுதிக் குறைவால் அவரது பணிக்காலம் முடிந்ததாக அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தை அணுகி, புதிய நடுவரை நியமிக்கக் கேட்க வேண்டும். நியமனம் செய்வது உள்நாட்டுத் தகராறுகளில் உயர் நீதிமன்றம். தரப்பினரில் ஒருவர் வெளிநாட்டவராக இருக்கும் பன்னாட்டு வணிகத் தகராறுகளில் உச்ச நீதிமன்றம். இன்னும் நடுவரே நியமிக்கப்படாத நிலையில் உள்ள வாசகர்கள், 21-ஆம் பிரிவின்படி முதலில் ஓர் அறிவிப்பு அனுப்பி, 30 நாளில் எதிர்த்தரப்பு அசையவில்லை என்றால் 11-ஆம் பிரிவின்கீழ் மனு செய்யலாம். அந்த மனுவுக்கு மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. இந்தக் கட்டத்தில் நீதிமன்றம் பார்ப்பது பெரும்பாலும் நடுவர் உடன்பாடு இருக்கிறதா என்ற ஒன்றைத்தான். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று அது கேட்காது, கேட்கவும் கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்களுக்குச் சாதகமான நடுவர்களைத் தாங்களே நியமித்துக்கொண்டிருந்த காலத்தில் அரசு நிறுவனங்களுக்கு நடுவர் முறை கசக்கவில்லை. அந்த வழி அடைபட்டுவந்த வேளையில், 2024 ஜூனில் மத்திய நிதியமைச்சகம், கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் ஷரத்தை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சேர்த்தாலும் 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்துங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இது நடுவர் முறையைவிட நடுவர் தீர்ப்புகளின் மீதான மனத்தாங்கலைத்தான் அதிகம் காட்டுகிறது. புதிய ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் ஒப்பந்தக்காரர்கள், பழைய ஷரத்து அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாமல் படித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஒப்பந்தம் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தாமல் வெள்ளைத்தாளில் எழுதப்பட்டது. அதிலுள்ள நடுவர் ஷரத்து செல்லுமா? (மதுரை வாசகர்)

பதில்: செல்லும். 2023 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மாறாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 13-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. முத்திரைக் குறைபாடு சரிசெய்யக்கூடிய ஒன்று. அதை நடுவர் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும். ஆனால் தீர்வையும் அபராதமும் என்றாவது கட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பாக்கியைக் கேட்டால், கணக்கில் மோசடி நடந்திருக்கிறது, ஆகவே நடுவரிடம் போக முடியாது என்கிறார் கூட்டாளி. உண்மையா? (சேலம் வாசகர்)

பதில்: இரு தரப்புக்கு இடையிலான கணக்குச் சார்ந்த மோசடிக் குற்றச்சாட்டை நடுவரே விசாரிக்கலாம். ஒப்பந்தம் முழுவதும், நடுவர் ஷரத்து உட்பட, மோசடியால் உருவானது என்றாலோ, பொதுமக்களைப் பாதிக்கும் தன்மை கொண்டது என்றாலோதான் நீதிமன்றம் தன்னிடம் வைத்துக்கொள்ளும். குற்றவியல் புகார் நிலுவையில் இருப்பது மட்டும் தடையாகாது. நொடிப்பு நிலை, குற்ற வழக்கு, வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்ட குடியிருப்போர் தகராறு போன்றவை நடுவரிடம் செல்லாதவை என்று 2020-ஆம் ஆண்டின் வித்யா துரோலியா தீர்ப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

கேள்வி: நடுவர் நியமனமாவதற்குள் எதிர்த்தரப்பு இயந்திரங்களை விற்றுவிடும் போலிருக்கிறது. அதுவரை கைகட்டி நிற்க வேண்டுமா? (ஓசூர் வாசகர்)

பதில்: வேண்டாம். 9-ஆம் பிரிவின்கீழ் உடனே நீதிமன்றத்தை அணுகித் தடையாணையோ, தொகைக்கு ஈடாகப் பிணையோ கோரலாம். வெறும் அச்சம் போதாது; விற்பனை நடப்பதற்கான ஆதாரம், விளம்பரம், கடிதம், வங்கி நோட்டீஸ் என ஏதாவது வேண்டும். ஆணை கிடைத்த 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. இடைக்கால ஆணையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும் வழக்கத்தை ஒழிக்கவே 2015-இல் இது சேர்க்கப்பட்டது. தீர்ப்பாயம் அமைந்துவிட்டால் அதே நிவாரணத்தை 17-ஆம் பிரிவின்கீழ் அதனிடமே கேட்க வேண்டும். அதன் ஆணைக்கு நீதிமன்ற ஆணையின் வலிமை உண்டு.

கேள்வி: இரண்டரை ஆண்டாக விசாரணை இழுக்கிறது. நடுவருக்குக் கெடு எதுவும் கிடையாதா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: உண்டு. கோரிக்கையும் பதிலுரையும் ஆறு மாதத்தில் முடிய வேண்டும். அதிலிருந்து 12 மாதத்தில் தீர்ப்பு. இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் ஆறு மாதம். அதன்பின் நீதிமன்றம் நீட்டிக்காவிட்டால் நடுவரின் அதிகாரமே முடிந்துவிடும். கெடு முடிந்த பிறகும் நீட்டிப்பு மனு போடலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தாமதத்துக்குத் தீர்ப்பாயமே காரணம் என்று கண்டால், மாதத்துக்கு 5 சதவீதம் வரை கட்டணத்தைக் குறைக்கவும், நடுவரையே மாற்றவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: நடுவர் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டார். சாட்சியத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது எங்கள் உறுதியான கருத்து. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தால் மாற்றிவிடலாம் அல்லவா? தொகையையாவது குறைக்கச் சொல்லலாமா? (சென்னை வாசகர்)

பதில்: முதலில் ஒரு திருத்தம். நீங்கள் செய்யப்போவது மேல்முறையீடு அல்ல; 34-ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு. இந்த வேறுபாட்டில்தான் பலரின் எதிர்பார்ப்பு உடைகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடும். 34-ஆம் பிரிவின்கீழ் அமரும் நீதிபதிக்கு அந்த வேலை இல்லை. உரிய அறிவிப்புத் தரப்படவில்லை, வாதாட வாய்ப்புத் தரப்படவில்லை, உடன்பாட்டில் இல்லாத விஷயத்துக்குத் தீர்ப்பளித்தார்கள், தீர்ப்பாயம் அமைந்த முறை தவறு, நாட்டின் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்ற வகையிலான காரணங்களே செல்லும். உள்நாட்டுத் தீர்ப்பென்றால், அதன் முகத்திலேயே தெரியும் அப்பட்டமான சட்டவிரோதமும் ஒரு காரணம். ஆனால் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினார், சாட்சியத்தை வேறு விதமாகப் பார்த்திருக்கலாம் என்பவை அதற்குள் வரா என்று சட்டமே கூறுகிறது. சாட்சியமே இல்லாத முடிவு, முக்கிய ஆவணத்தை அறவே கண்டுகொள்ளாத முடிவு என்றால் இடமுண்டு. உங்கள் வழக்கறிஞர் மனுவை அந்தச் சட்டகத்துக்குள் பொருத்திக் காட்ட வேண்டும். 'தவறாகப் புரிந்துகொண்டார்' என்பதோடு நின்றால் மனு தள்ளுபடியாகும்.

தேதி விஷயத்தில் சட்டம் இரக்கமற்றது. கையொப்பமிட்ட நகல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதம். போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. மூன்று மாதம் நீதிமன்ற விடுமுறையில் முடிந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். ஆனால் கூடுதல் 30 நாள் விடுமுறையில் முடிந்தால் அந்தச் சலுகை இல்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கோடை விடுமுறையை நம்பிக் கோப்பை ஒதுக்கி வைப்போர் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

தொகையைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கான விடை அண்மையில்தான் தெளிவானது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தேசிய நெடுஞ்சாலை நில எடுப்பு வழக்குகளில், நீதிமன்றம் ரத்து செய்யலாம், திருத்த முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன இன்னொரு வழக்கில், நடுவர் தந்த தொகையோடு தனி நீதிபதி 1.6 கோடி ரூபாயைக் கூடுதலாகச் சேர்க்க, இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் அமர்வு அந்தக் கூடுதலை 50,000 ரூபாயாகக் குறைத்தது. அந்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று அரசியல் சாசன அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், வரையறுக்கப்பட்ட திருத்த அதிகாரம் உண்டு என்றது. தீர்ப்பின் கெட்ட பகுதியைப் பிரித்தெடுக்க முடிந்தால் அதை மட்டும் நீக்கலாம். எழுத்துப் பிழை, கணக்குப் பிழையைச் சரிசெய்யலாம். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியைச் சில சூழல்களில் மாற்றலாம். நீதிபதி கே.வி.விசுவநாதன் இதற்கு உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மை தந்த அதிகாரம் வட்டிக் கணக்கில் பிழை உள்ளவர்களுக்கு உதவும்; தொகை கூடுதல் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு உதவாது.

இறுதித்தன்மை பற்றிக் கவலைப்படுவோர் டெல்லி மெட்ரோ விமான நிலைய ரயில் பாதை வழக்கைச் சுட்டிக்காட்டுவார்கள். 2017-இல் வந்த சுமார் 2,782 கோடி ரூபாய்க்கான நடுவர் தீர்ப்பைத் தனி நீதிபதி ஏற்றார். டிவிஷன் அமர்வு ரத்து செய்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் மீட்டது. 2024 ஏப்ரலில் சீராய்வுக்கும் அப்பாற்பட்ட குறைதீர் மனுவில் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. முடிவு சரியா தவறா என்பது வேறு. ஏழு ஆண்டுகளும் நான்கு கட்டங்களும் தாண்டிய பிறகு அது வந்த விதம், சட்டம் வாக்களித்த வேகத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது என் கருத்து. ஆனால் குறைதீர் மனு மிக அரிய விதிவிலக்கு. அதை நம்பி உங்கள் வழக்கைத் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து எட்டு மாதமாகிறது. எதிர்த்தரப்பு 34-ஆம் பிரிவில் மனு போட்டுவிட்டது. அது முடியும்வரை பணம் கிடைக்காதா? (திருச்சி வாசகர்)

பதில்: மனு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடும் என்பது 2015-க்கு முந்தைய நிலை. இப்போது தடையாணைக்குத் தனி மனு வேண்டும். பணத் தீர்ப்பென்றால் தொகை முழுவதையுமோ பெரும்பகுதியையோ வைப்புச் செய்யச் சொல்வதே நீதிமன்றங்களின் வழக்கம். பழைய தானியங்கித் தடையை மீண்டும் கொண்டுவர 2019-இல் சேர்க்கப்பட்ட 87-ஆம் பிரிவை, அதே ஆண்டில் இந்துஸ்தான் கன்ஸ்டிரக்‌ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. தடையாணை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் இன்றே நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்புத் தொகையை வசூலித்துத் தரக் கோரும் மனு, தாக்கல் செய்யலாம். இருந்தால், வைப்புத் தொகையை உத்தரவாதம் கொடுத்து எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். விசாரணை எந்த ஊரில் நடந்திருந்தாலும், எதிர்த்தரப்பின் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்று மனு போடலாம் என்று சென்னையின் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடுத்த வழக்கில் 2018-இல் தீர்ப்பாகியுள்ளது. மனுவோடு சேர்க்க அவர்களது வங்கிக் கணக்கு, நிலம், இயந்திரம், வரவேண்டிய தொகைகள் ஆகியவற்றின் பட்டியலைத் திரட்டத் தொடங்குங்கள். அந்தப் பட்டியல் இல்லாத நிறைவேற்று மனு வாய்தாவிலேயே கழியும்.